எனக்கு எந்த வேலை ஒத்துவரும்? சுயமதிப்பீட்டுக் கருவிகளை மதுரையில் இருந்துகொண்டு பயன்படுத்தும் முறை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் மதுரையில் யாரைக் கேட்டாலும் ஒரு யோசனை சொல்வார்கள். மாமா இன்ஜினியரிங் என்பார். பக்கத்து வீட்டு அக்கா நர்சிங் என்பார். அப்பாவின் நண்பர், "பேசாம குரூப் ஃபோருக்குப் படிக்கச் சொல்லுங்க" என்பார். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அவரவர் கண்ணால் பார்த்த நாலைந்து வேலைக்குள்தான் அவரவர் யோசனை நிற்கும். அதைத் தாண்டிப் பார்க்க உதவுபவை சுயமதிப்பீட்டுக் கருவிகள். நல்லவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பள்ளி முடித்தவருக்கு மட்டும் இல்லை. டிகிரி வாங்கிவிட்டு வீட்டில் இருப்பவரும், விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடையில் நின்றுகொண்டே 'காலம் முழுக்க இதுதானா?' என்று யோசிப்பவரும் பயன்படுத்தலாம்.

எந்தக் கருவியும் உங்களுக்கான வேலையைத் தேர்ந்தெடுத்துக் கையில் கொடுக்காது. எந்த நாலு இடத்துக்குப் போய் எந்த நாலு பேரிடம் பேசலாம் என்று முடிவுசெய்ய உதவும். அந்த அளவுக்கு மட்டும் அதை நம்புங்கள். மிச்ச வேலை உங்கள் காலுக்கு.

கருவியைத் திறப்பதற்கு முன் ஒரு தாள்

ஒரு வெள்ளைத் தாளில், உங்களால் இப்போதைக்கு மாற்ற முடியாதவற்றை எழுதுங்கள். உங்கள் சம்பளம் இல்லாமல் வீடு இன்னும் எத்தனை வருஷம் சமாளிக்கும்? கல்விக் கடனுக்கு வீட்டார் ஒத்துக்கொள்வார்களா? வெளியூர் விடுதியில் தங்க விடுவார்களா, அல்லது உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ தினமும் போய்வரும் தூரம்தானா? தம்பி தங்கையின் படிப்புச் செலவு எப்போது வருகிறது?

எழுதியதை மடித்து ஓரமாக வையுங்கள். கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நேரத்தில் இந்தக் கவலைகள் குறுக்கே வரக்கூடாது. அதற்குத்தான் முதலிலேயே எழுதச் சொல்கிறேன். முடிவெடுக்கும் நேரத்தில் இந்தத் தாள் மறுபடி வெளியே வரும்.

ஆர்வத்தில் தொடங்குங்கள்

இந்தக் கருவிகள் அளக்கப் பார்ப்பவை பொதுவாக நாலு: எது பிடிக்கும் என்ற ஆர்வம், எது வரும் என்ற திறன், எப்படிப்பட்ட ஆள் என்ற குணம், வேலையில் எதை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்ற மதிப்பு. புதிதாக வருபவர் நாலையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். பாட்டு பிடிக்கும் என்பதும் பாட வரும் என்பதும் ஒன்றா? தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். முதலில் ஆர்வம்.

ஜான் ஹாலந்து என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். மனிதர்களின் வேலை ஆர்வத்தை ஆறு வகையாகப் பிரிக்கலாம் என்பது அதன் சாரம். இயந்திரம், மண், மரம் என்று கையால் செய்வது ஒன்று. ஏன், எப்படி என்று துருவி ஆராய்வது இன்னொன்று. வரைவது, எழுதுவது, இசைப்பது மூன்றாவது. கற்றுக்கொடுப்பதும் கவனித்துக்கொள்வதும் நாலாவது. விற்பது, பேசிச் சம்மதிக்க வைப்பது, ஆட்களை வைத்து வேலை வாங்குவது ஐந்தாவது. கணக்கு, பதிவு, கோப்பு என்று ஒழுங்கு பண்ணுவது ஆறாவது. இந்த வரிசையில் ஆறையும் ஒரு அறுகோணத்தின் மூலைகளில் வைத்தார். அடுத்தடுத்த மூலைகள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை, எதிரெதிர் மூலைகள் தூரமானவை. ஒரே வகைக்குள் அடங்குகிற ஆள் அபூர்வம். மேலே வரும் இரண்டு மூன்றின் சேர்க்கையைத்தான் பார்க்க வேண்டும்.

இதன் அடிப்படையில் அமைந்த இலவசக் கருவிகளில் நான் முதலில் சொல்வது ஓநெட் இன்ட்ரஸ்ட் புரொஃபைலர். அமெரிக்கத் தொழிலாளர் துறையுடையது. 'மை நெக்ஸ்ட் மூவ்' என்று தேடினால் வரும். காசு கேட்காது. (இலவசத் தேர்வு என்று சொல்லி முதல் பக்கத்திலேயே செல்போன் எண்ணை வாங்கிக்கொண்டு, மறுநாளிலிருந்து கோர்ஸ் விற்க அழைக்கும் தளங்கள் நிறைய. எண் கேட்டால் மூடிவிடுங்கள்.) முப்பது கேள்வியில் முடியும் சுருக்க வடிவமும் உண்டு. அவசரம் இல்லையென்றால் அறுபது கேள்வி உள்ளதையே எடுங்கள்.

ஒவ்வொரு கேள்வியும் ஒரு வேலையைச் சொல்லும். ரொம்பப் பிடிக்காது என்பதிலிருந்து ரொம்பப் பிடிக்கும் என்பது வரை ஐந்து பதில்களில் ஒன்றைத் தொட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகள் இதில் தடுக்கி விழும் இடங்கள் சில இருக்கின்றன.

பெரிய தடுக்கல், கௌரவம். 'செங்கல் அல்லது ஓடு பதிப்பது' என்று ஒரு கேள்வி வரும். கொத்தனார் வேலையா என்று நினைத்த மாத்திரத்தில் கை தானாக 'பிடிக்காது' பக்கம் போகும். வீட்டில் குழாய் ஒழுகினால் முதலில் ஸ்பேனரை எடுப்பவர், பழைய மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்காருபவர்கூட அப்படித்தான் தொடுவார். அங்கே கேட்பது, அந்த வேலைக்குப் போவீர்களா என்றல்ல. ஒரு பொருள் உங்கள் கையில் உருவாவதைப் பார்க்கச் சந்தோஷமா என்பதுதான். இந்த வேலைக்கு உங்களுக்குப் படிப்பு போதுமா, எவ்வளவு பணம் வரும் என்றெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்லுங்கள் என்று கருவியே ஆரம்பத்தில் சொல்லிவிடுகிறது. அதோடு இன்னொன்றை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்: சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்றும் யோசிக்காமல்.

அடுத்தது, தெரியாத வேலைகள். கேள்விகள் ஆங்கிலத்தில், அமெரிக்க வாழ்க்கையிலிருந்து எழுதப்பட்டவை. 'பங்குகளையும் பத்திரங்களையும் வாங்கி விற்பது' என்றால் பங்குச் சந்தை பக்கமே போகாதவர் என்ன சொல்வார்? அதை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவாருங்கள். முகூர்த்த நாளில் ஏறி, மறுநாள் இறங்கி, மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்தால் எங்கேயோ போய் நிற்கும் மல்லிகை விலையைக் கணித்து வாங்கி விற்பது உங்களுக்குப் பிடிக்குமா, வயிற்றைக் கலக்குமா? மீன் குஞ்சு வளர்ப்பது பற்றி ஒரு கேள்வி உண்டு. வீட்டில் ஆடு, கோழியைப் பார்த்துக்கொள்ளும்போது நேரம் போவது தெரியாமல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் செல்போனில் மொழிபெயர்த்துப் படிக்கலாம், இல்லையென்றால் அக்காவையோ அண்ணனையோ படித்துச் சொல்லச் சொல்லலாம். பதிலைத் தொடும்போது மட்டும் அவர் பக்கத்தில் வேண்டாம்.

எவ்வளவு முயன்றும் கால்வாசிக்கு மேல் 'தெரியவில்லை' என்றே வந்தால், இன்னும் நாலு விதமான வேலையைக் கண்ணால் பார்க்காமல் இருக்கிறீர்கள் என்று பொருள். கருவியை மூடிவிட்டு, கீழே சொல்லியிருக்கும் 'போய்ப் பார்ப்பது' பகுதிக்குத் தாவுங்கள். பார்த்துவிட்டு வந்து மறுபடி எடுங்கள்.

வந்த எண்களைப் படிப்பது

ஒவ்வொரு வகைக்கும் 0 முதல் 40 வரை ஒரு எண் வரும். 31, 29, 28 என்று மூன்று வகை வந்தால் முதல் இடம், இரண்டாம் இடம் என்று பார்க்காதீர்கள். இரண்டு மூன்று எண் வித்தியாசம் நாளைக்கே மாறிவிடும். 31-க்கும் 12-க்கும் உள்ள இடைவெளிதான் பேசும். என் அனுபவத்தில், மேலே எது வந்தது என்பதைவிடக் கீழே எது கிடக்கிறது என்பது அதிகம் உதவுகிறது. பதிவு, கோப்பு வகையில் வெறும் 6 எண் வாங்கிய பிள்ளையை, பாதுகாப்பான வேலை என்பதற்காக வங்கித் தேர்வுக்குத் தள்ளுவதற்கு முன் வீட்டில் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஆறும் தாழ்வாகவே வந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. களைப்பிலோ கவலையிலோ பதில் சொன்னாலும் அப்படி வரும். ஒரு வாரம் விட்டு எடுங்கள்.

கடைசியில் கருவி ஒரு வேலைப் பட்டியலும் தரும். அதில் இருக்கும் சம்பளம், படிப்புத் தகுதி, உரிமம் எல்லாம் அமெரிக்காவுக்கு உரியவை. அவற்றை விட்டுவிடுங்கள். வேலையின் பெயரையும், அந்த வேலையில் ஒரு நாளில் என்னென்ன செய்வார்கள் என்ற பகுதியையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு நிகரானது இங்கே எது, அதற்கு வழி எது என்பதைத் தனியாகத் தேட வேண்டும். அங்கே வனக் காவலர் வேலைக்கு ஒரு வழி என்றால், இங்கே போட்டித் தேர்வு எழுத வேண்டும்.

ஒரே கட்டடத்துக்குள் ஆறு வகையும்

எண்கள் வந்ததும் பலர் ஒரு துறையின் பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். 'எனக்கு மருத்துவத் துறை', 'எனக்கு ஐடி'. இது அவசரம். வகை என்பது நீங்கள் செய்யும் வேலையைப் பற்றியது, நீங்கள் வேலை பார்க்கும் கட்டடத்தைப் பற்றியது இல்லை.

மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை, அதையே எடுத்துக்கொள்வோம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் மெஷினும் வென்டிலேட்டரும் பழுதாகாமல் பார்த்துக்கொள்ளும் பயோமெடிக்கல் டெக்னீஷியன், கைவேலை வகை. ஆய்வகத்தில் ரத்த மாதிரியோடு உட்கார்ந்திருப்பவர் ஆராயும் வகை. விழிப்புணர்வுப் படமும் வீடியோவும் தயாரிப்பவர் கலை. அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியிடமும் குடும்பத்திடமும் பொறுமையாக விளக்கிச் சொல்லும் கவுன்சிலர், மனிதர்களோடு இருக்கும் வகை. கிராமத்தில் முகாம் நடத்த ஊர்ப் பெரியவர்களைப் பிடித்து, இடம், பந்தல், ஆட்கள் எல்லாம் ஏற்பாடு செய்பவர் ஐந்தாவது. மருத்துவப் பதிவேடுகளையும் காப்பீட்டுக் கோப்புகளையும் ஒழுங்காக வைத்திருப்பவர் ஆறாவது. நீட் கிடைக்கவில்லை, ஆஸ்பத்திரி வாசலே மூடிவிட்டது என்று அழும் வீடுகளில் இந்த ஆறு பேரையும் வரிசையாகச் சொல்லிக்காட்ட வேண்டும்.

அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கியது. கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்புக்குப் பிறகு சேர்த்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனை, அறுவை அரங்கம், ஆலோசனை என்று பிரித்து வேலைக்கு அமர்த்தும் முறை அங்கே பல காலமாக இருக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தயாரிக்கும் அரோலேப் 1992-இல் அதை ஒட்டியே வந்தது. கண் மருத்துவம் என்ற ஒரு துறைக்குள் டாக்டர் வேலை தவிர இவ்வளவு கிளை இருக்கிறது.

மற்ற துறைகளையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். சுங்குடிச் சேலை என்றால் முடிச்சுப் போடுவது மட்டுமா? வடிவம் வரைவது, சாயம் கலப்பது, இணையத்தில் விற்பது, கணக்கு வைப்பது எல்லாம் உண்டு. ஐடி என்றாலும் நிரல் எழுதுவது ஒரு பகுதிதான்.

திறனைச் சோதிப்பது

திறன் தேர்வுகள் நேரம் வைத்து நடப்பவை. சரியான விடை, தவறான விடை உண்டு. மொழி, எண், வடிவங்களைத் திருப்பிப் பார்ப்பது, இயந்திர அறிவு, தர்க்கம் என்று தனித்தனியாக அளக்கும். பள்ளி மாணவர்களுக்காக என்சிஇஆர்டியும் சிபிஎஸ்இயும் சேர்ந்து உருவாக்கிய 'தமன்னா' என்ற திறன் தேர்வு ஏழு கூறுகளைப் பார்க்கிறது. முழுமையான திறன் தேர்வுகளைப் பயிற்சி பெற்ற உளவியலாளர் நடத்துவார், கட்டணம் இருக்கும். எல்லோருக்கும் அது தேவைப்படாது.

காசில்லாமல் ஒரு திறன் சோதனை சொல்கிறேன். டிஎன்பிஎஸ்சி தளத்தில் பழைய குரூப் 4 வினாத்தாள்கள் கிடைக்கும். 200 கேள்வி, 3 மணி நேரம்: தமிழ் 100, பொது அறிவு 75, திறனறி 25. ஒன்றை இறக்கி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு, செல்போனை வேறு அறையில் போட்டுவிட்டு எழுதுங்கள். மதிப்பெண்ணைவிட இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். திறனறிக் கணக்கில் தவறு எங்கே வந்தது, வழியே தெரியவில்லையா, நேரம் போதவில்லையா? இரண்டாவது மணி நேரத்தில் எழுந்து ஓடலாம் போல இருந்ததா? அப்புறம் புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களோடு ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டி, வருஷக் கணக்கில் இழுத்த பிறகு 'நமக்கு இது சரிப்படாது' என்று உணர்வதைவிட இது மலிவு. நன்றாக ஓடுகிறது என்றால் தாராளமாக இறங்கலாம்.

குணத் தேர்வுகளைப் பற்றி

பதினாறு வகை மனிதர், நாலெழுத்துப் பெயர் என்று வரும் எம்பிடிஐ போன்றவற்றைத்தான் இளைஞர்கள் அதிகம் எடுக்கிறார்கள், ஸ்டேட்டஸிலும் போடுகிறார்கள். சுவாரசியமானவைதான். வேலையைத் தீர்மானிக்க ஆகாது. சில வாரம் கழித்து எடுத்தால் எழுத்து மாறுவது சகஜம். ஆள் எடுப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் வெளியீட்டாளர்களே சொல்கிறார்கள்.

'அப்படியே என்னைச் சொல்லியிருக்கு' என்ற வியப்பைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஒரு குணத் தேர்வு வைத்தார். பிறகு தனித்தனி அறிக்கை என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே வாசகத்தைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு, ஐந்துக்குச் சராசரியாக 4.26 கொடுத்தார்கள். நம்மூர்க் கிளி ஜோசியத்தில் எந்தச் சீட்டு வந்தாலும் நமக்கே எழுதியதுபோல் இருக்குமே, அதே கதைதான்.

இன்னொன்றில் கண்டிப்பாகவே சொல்கிறேன். பிள்ளையின் விரல் ரேகையை ஸ்கேன் செய்து, மூளையின் திறனையும் ஏற்ற படிப்பையும் சொல்கிறோம் என்று பள்ளிகளிலும் கண்காட்சிகளிலும் கடை விரிக்கிறார்கள். டிஎம்ஐடி என்பார்கள். ரேகைக்கும் வேலைத் திறனுக்கும் தொடர்பு இருப்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. பளபளப்பான புத்தகமாக அறிக்கை வரும். பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

போய்ப் பார்ப்பது

இப்போது கையில் மூன்று நாலு வேலைப் பெயர் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அதைத் தினமும் செய்கிற ஒருவரைப் பிடிக்க வேண்டும். முதலாளியோ பேராசிரியரோ வேண்டாம். சேர்ந்து மூன்று நாலு வருஷம் ஆனவர் நல்லது. ஆரம்பக் கஷ்டம் அவருக்கு இன்னும் மறந்திருக்காது. சொந்தக்காரர், பழைய மாணவர், தெருக்காரர் என்று விசாரித்தால் மதுரையில் யாராவது கிடைத்துவிடுவார்கள்.

நேரம் பார்த்துப் போங்கள். கப்பலூர், கோ.புதூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் பேச முடியும். வரி ஆலோசகர் அலுவலகத்துக்கு மாதம் 20-ஆம் தேதியை ஒட்டிப் போகாதீர்கள். ஜிஎஸ்டி தாக்கலில் தலை நிமிர மாட்டார்கள். கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் பண்டிகைக்கு முந்தைய வாரங்களைத் தவிருங்கள். பெண் பிள்ளைகள் ஒரு தோழியோடு போகலாம், சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் செலவும் இல்லை.

"இந்த வேலை பிடிச்சிருக்காண்ணே?" என்று கேட்காதீர்கள். "பிடிச்சிருக்கு தம்பி" என்பார், பேச்சு முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்:

"அண்ணே, நேத்து காலையில வந்ததுல இருந்து சாயங்காலம் வரைக்கும் என்னென்ன வேலை பாத்தீங்க?"

"இதுல உங்களுக்குச் சலிப்புத் தட்டுறது எது?"

"புதுசா சேர்ற ஆளுக்கு இங்க என்ன குடுக்குறாங்க?"

அவருடைய சம்பளத்தைக் கேட்டால் சங்கடப்படுவார்; புதிதாகச் சேர்பவருக்கு என்ன என்று கேட்டால் சொல்லிவிடுவார். முடிந்தால், "அரை நாள் ஓரமா நின்னு பாத்துக்கிறேண்ணே" என்று கேளுங்கள். பாதிப் பேர் சரி என்பார்கள். கருவியில் 34 வந்த வகையைச் சேர்ந்த வேலை அந்த அரை நாளில் கசந்துபோவதும் உண்டு, 22 வந்த வகையின் வேலை பிடித்துப்போவதும் உண்டு. அப்படி வந்தால் கண்ணால் பார்த்ததையே நம்புங்கள்.

அரசுப் பக்கம் இலவச உதவியும் இருக்கிறது. கோ.புதூரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தைப் பதிவு செய்யும் இடமாக மட்டுமே பலர் நினைக்கிறார்கள். பெயரிலேயே வழிகாட்டுதல் இருக்கிறது, உள்ளே போய்க் கேளுங்கள். பள்ளி, கல்லூரியில் படிப்பவர்கள் 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் பொறுப்பாசிரியரைப் பாருங்கள். மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்தில் வேலை விவரங்களும் ஆலோசனையும் கிடைக்கும். கைவேலை வகை மேலே வந்தவர்கள் கோ.புதூர் அரசு ஐடிஐயில் எந்தெந்தப் பிரிவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்ரண்டிஸ் வாய்ப்பையும் விசாரியுங்கள். உதவித்தொகையோடு தொழில் பழகலாம்.

வீட்டில் சொல்வது

மடித்து வைத்த தாளை இப்போது எடுங்கள். பார்த்து வந்த வேலைகளை அதோடு ஒட்டிப் பாருங்கள். நாலு வருஷப் படிப்பு தேவைப்படும் வேலை, இரண்டு வருஷம்தான் வீடு தாங்கும் என்ற நிலை. இப்படி இடித்தால் உடனே கைவிட வேண்டியதில்லை. டிப்ளமோ முடித்து வேலைக்குப் போய், பிறகு காமராசர் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் தொலைநிலைக் கல்வியில் சேர முடியுமா, அந்த வேலைக்கு அது செல்லுமா என்று விசாரியுங்கள். நர்சிங், சட்டம் போன்றவை நேரடி வகுப்பில்தான் படிக்க முடியும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

"டெஸ்ட்ல எனக்கு ஆர்ட்டிஸ்டிக்னு வந்திருக்குப்பா" என்று ஆரம்பித்தால் அப்பா என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். வேறு மாதிரி போங்கள். "அப்பா, மூணு இடத்துக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன். இந்தப் படிப்பு ரெண்டு வருஷம். ஃபீஸ் இவ்வளவு. முடிச்சா ஆரம்பச் சம்பளம் இவ்வளவு கிடைக்குதாம், அங்க வேலை பாக்குற அண்ணன்கிட்டயே கேட்டேன். இது அமையலைன்னா ரெண்டாவதா இது." கருவியின் பெயரே வர வேண்டாம். நேரில் போய் விசாரித்து வந்த பிள்ளையின் பேச்சை வீட்டில் பெரும்பாலும் காது கொடுத்துக் கேட்கிறார்கள். மாமா குறுக்கே பேசினால், அவர் சொல்லும் வேலையையும் அதே போல் போய்ப் பார்த்துவிட்டு வந்து நாலாவதாகப் பட்டியலில் எழுதுங்கள்.

எந்தப் பக்கம் போவதாக முடிவானாலும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மட்டும் விட்டுவிடாதீர்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி என்று ஒவ்வொன்றையும் முடித்ததும் இணையத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; அந்தத் தேதியைச் செல்போனில் இப்போதே குறித்து வையுங்கள்.